குளக்கட்டில் ஒரு பிறேக் சோதனை

சிவராசாவின் காருக்கு நிற்கத் தெரியாது. சாய்வில் நிறுத்தி, ஹாண்ட் பிறேக்கை இழுத்துவிட்டு இறங்கினால், நாய்க்குட்டி மாதிரி அவருக்குப் பின்னாலேயே வரும்.

அதை வாங்க அன்று கிளிநொச்சியிலிருந்து ஒருவன் வருகிறான். எப்படியாவது இன்றே தள்ளிவிட வேண்டும் என்று, பூவரசங்குளம் குளக்கட்டடியில் இருந்த அஸ்வரின் கராஜுக்குக் காரைக் கொண்டுவந்திருந்தார்.

அஸ்வர் பின்சில்லைக் கழற்றிக் காட்டினான்.

"இஞ்ச பாருங்கோ அண்ணை. நீங்கள் பிடியை இழுக்க, கேபிள் இந்த ரெண்டு லைனரையும் விரிச்சு டிரம்மோட அமத்தும். அதுதான் சில்லைப் பிடிக்கிறது. இது தேஞ்சு, எண்ணெயிலையும் ஊறிக் கிடக்கு. மாத்த வேணும்."

"கேபிளை மட்டும் இறுக்கிவிடும். அவ்வளவு காணும்."

"இறுக்கினால் பிடி இறுக்கமாயிருக்கும். கார் நிக்காது."

"வாறவன் லைனரைக் கழட்டியே பாக்கப்போறான்? விசரன், ஹாண்ட் பிறேக்கை எந்தக் காலாலை மிதிக்கிறது எண்டு போனிலை கேக்கிறான்."

அஸ்வர் கேபிளை இறுக்கிக் கொடுத்தான்.

வந்தவன் பெயர் நிரோஜன். ஓட்டுநர் கதிரையில் பயந்தபடி ஏறி, பிடியை இழுத்துப் பார்த்தான்.

"நல்ல இறுக்கம் அண்ணை. ஆனால் மேட்டிலை நிப்பாட்டிப் பாத்து எடு எண்டு அம்மா சொன்னவா."

அந்தப் பக்கத்தில் மேடு என்றால் குளக்கட்டுத்தான். சிவராசா பக்கத்தில் ஏறிக்கொள்ள, நிரோஜன் தட்டுத்தடுமாறி ஓட்டி, ஏற்றத்தின் பாதியில் கால் பிறேக்கை மிதித்து நிறுத்தினான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஹாண்ட் பிறேக்கை இழுத்திட்டன். காலை எடுக்கட்டே அண்ணை?"

"பொறும், பொறும். நான் பின்னுக்கு நிண்டு சில்லைப் பாத்துச் சொல்லுறன்."

இறங்கியவர், ஓரத்தில் கிடந்த கல் ஒன்றைத் தூக்கினார். கண்ணாடியில் தெரியாதபடி குந்தி, பின்சில்லுக்கு முட்டுக் கொடுத்தார். கல் தடுத்தால் கார் பின்னால் உருளாது. உருளாவிட்டால் ஹாண்ட் பிறேக் நல்லது. அம்மாவைக் கேட்டுக் கார் வாங்குகிற மடையனுக்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

"இப்ப காலை எடும் தம்பி," என்றார், கல்லை இரண்டு கையாலும் பிடித்தபடி.

கார் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் முன்பக்கமாக நகர்ந்து, குளக்கட்டில் ஏறித் திரும்பி, மன்னார் வீதியைப் பிடித்து மறைந்தது. கல் மட்டும் அவர் கையை விட்டுப் போகவில்லை.