கடலுக்குப் போக ஒரு பட்டை

கரும்பு விளையும் ஒரு தீவில், கரை முழுவதையும் வளைத்து வெளிநாட்டு ஹோட்டல் ஒன்று மதில் எழுப்பியிருந்தது. வயிறு நிறைய முட்டைகளோடு மலையிலிருந்து இறங்கி வந்த தாய் நண்டு வாசலில் திகைத்து நின்றது. பொழுது சாய்வதற்குள் அவற்றைக் கடலில் விடாவிட்டால் ஒன்றுகூடப் பிழைக்காது.

காவலுக்கு நின்றது, முன்பு கரையில் மீன்தலை பொறுக்கித் திரிந்த நாய்.

"தம்பி, கொஞ்சம் வழி விடேன்."

"கையில ஹோட்டல் பட்டை கட்டின விருந்தாளிக்குத்தான் கடல், அக்கா. எங்களுக்கு நாற்பது தீவில ஹோட்டல். எல்லா இடத்திலும் இதே சட்டம்தான்."

"எங்களுக்கா? இரவானால் மலையேறி வந்து என் வளைப் பக்கத்தில் படுத்துக் கிடந்தவன்தானே நீ?"

"இங்கே வேளாவேளைக்குச் சோறு. அதுவும் கப்பல்ல வர்ற டின் சோறு."

"நீயாவது கடலில் குளிக்கிறாயா?"

நாய் கழுத்தைச் சொறிந்துகொண்டது. "என் பட்டை கழுத்தில இருக்கே, அக்கா."

யாரோ கழற்றி எறிந்த பட்டை ஒன்று சாலையோரம் கிடந்தது. நண்டு படபடப்போடு அதைக் கொடுக்கில் மாட்டிக்கொண்டு ஓடி வந்தது. நாய் அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தது.

"நீங்க போகலாம், அக்கா." பிறகு நண்டின் வயிற்றைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டது. "பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பட்டை வேணும்."