அழுக்கு ரத்தம்

தாதி றினோஸா குழாயடியில் நின்று இடது கைவிரலை நசுக்கி நசுக்கிக் கழுவினாள். விரல் நுனியில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. எவ்வளவு சவர்க்காரம் போட்டும் அந்த ஆளின் நாற்றம் மூக்கை விட்டுப் போகவில்லை.

"என்னகா, என்ன நடந்த?" என்று ஓடிவந்தாள் கூட வேலை செய்யும் பஸ்லியா.

"அந்தாளுக்குக் குத்தின ஊசி எனக்கும் குத்திற்று. அல்லாஹ்வே, அந்தாளுக்கு என்னென்ன வருத்தம் இரிக்கோ!"

அந்த ஆளின் பெயர் அபுல் ஹஸன். பாலமுனைக் கடற்கரையில் ஒரு மீன்வாடிக் குடிசையில் தனியே படுத்துக் கிடப்பவர். காலில் மீன்முள் ஏறி, காயம் அழுகி, புழு நெளியும் நிலையில் காலையில்தான் யாரோ கொண்டுவந்து ஆசுபத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

சற்று முன், காலைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்ததும் சீழ் கட்டில் விரிப்பில் வழிந்தது. றினோஸா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே அவருடைய புயத்தில், காயத்துக்குப் போடும் ஏற்பூசியைக் குத்தினாள்.

நோவில் அவர் கையை உதறினார். ஊசி கழன்று, கையுறையைத் துளைத்து அவளுடைய விரலில் ஏறியது.

"சும்மா கிடக்கமாட்டீங்களா!" அவருடைய கையைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்து, மீதி மருந்தையும் ஏற்றி முடித்துவிட்டுத்தான் குழாயடிக்கு ஓடிவந்தாள்.

விசயம் கேள்விப்பட்ட டொக்டர் யசோதினி இருவருடைய ரத்தத்தையும் உடனே சோதனைக்கு அனுப்பினார்.

"ஈரலைப் பழுதாக்குற ஹெபடைடிஸ் கிருமிக்குத் தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கிறீங்கதானே?"

"ஒண்டு போட்ட, டொக்டர். மத்ததுகளுக்கு நேரம் கிடைக்கல்ல."

டொக்டர் அவளைப் பார்த்தார். அவளுடைய பதிவில் அதைக் குறித்துக்கொண்டார்.

றினோஸா வார்டுக்குத் திரும்பி, அபுல் ஹஸனின் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள். அவர் தேத்தண்ணி குடித்த கோப்பையை விரல் நுனியால் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

"மகள், என்னாலதானே உங்கட கையில குத்தின? மன்னிச்சிக்கங்க. இன்னும் நோகுதா?"

"வாயத் தொறக்காதீங்க. நாறுது."

அவர் போர்வையை வாய்வரை இழுத்து மூடிக்கொண்டார்.

வெளி விறாந்தையில் நின்று கணவனுக்குப் போன் எடுத்தாள். இரண்டு வயது மகன் ஹாதிக்கின் சிரிப்புச் சத்தம் போனில் கேட்டதும் அவளுடைய குரல் உடைந்தது. "நான் வந்தா புள்ளய எனக்கிட்ட விடாதீங்க. அந்தாள்ற அழுக்கு ரத்தம் எனக்குள்ள போயிரிக்கி. என்ட உடம்பே எனக்கு அருவருப்பா இரிக்கி."

பின்னேரம் டொக்டர் அவளை மருந்து கட்டும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசைத் தட்டில் தடுப்பூசி மருந்து ஏற்றிய ஊசி தயாராக இருந்தது. அதைக் கண்டதும் அவள் அழுதுகொண்டே சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

"எனக்கு அப்பவே தெரியும் டொக்டர். அந்தாளப் பார்த்தாலே தெரியுதே!"

"அவர்ட ரத்தத்தில ஒரு கிருமியும் இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்!" அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. சுருட்டிய சட்டைக் கையைக் கீழே இறக்கப் போனாள்.

டொக்டர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்து அவளை உட்கார வைத்தார்.

"றினோஸா, ஹெபடைடிஸ் கிருமி உங்கட ரத்தத்திலதான் இருக்கு. இண்டைக்கு வந்ததில்ல, கனகாலமா இருந்திருக்கு. பயப்படாதீங்க, மருந்து இருக்கு. வீட்டுக்காரரையும் பிள்ளையையும் நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, பாத்திருவம்."

அவள் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு அப்பால், வார்டில் அபுல் ஹஸன் மெதுவாக இருமுவது கேட்டது.

"ஒண்டு மட்டும் சொல்லுங்க. உங்கட விரல்ல குத்தின பிறகு, அவருக்கு மீதி மருந்த ஏத்த முந்தி ஊசிய மாத்தினீங்களா?"

றினோஸா குனிந்தபடியே இல்லையென்று தலையாட்டினாள்.

டொக்டர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப இந்த ஊசி அவருக்கு."