இதையே குடுங்க

அக்கிப் புண்ணுக்குக் குயவர் எழுதிய காவி தணிகாசலத்தின் விலாவிலிருந்து அழிந்து, கொப்புளங்களும் ஆறிவிட்டன. எரிச்சல் மட்டும் போகவில்லை. சட்டை பட்டாலே துடித்துப்போவார். நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரை அந்த நெருப்பை அணைத்தது. கூடவே இன்னொன்றையும் அணைத்துவிட்டது. மனைவி வேதவல்லி பாவம், ஏங்கிக் கிடக்கிறாள் என்று உள்ளுக்குள் குமைந்தார். கடைசியில் வெட்கத்தை விட்டு, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே டாக்டரிடம் சொன்னார்: "சம்சாரத்துகிட்ட முன்ன மாதிரி இருக்க முடியல சார்."

"இந்த மாத்திரையில சில பேருக்கு அப்படி ஆகும். வேற மாத்திப் பார்க்கலாம். ஆனா வலி திரும்பி வரலாம்."

"வந்தா வரட்டும் சார்."

"வேணாம் சார், இதையே குடுங்க," என்றாள் வேதவல்லி. "இவரு துடிக்கிறத என்னால பார்க்க முடியாது."

ஆட்டோவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியது. "எனக்காக நீ எதுக்கு இப்படி..." என்று ஆரம்பித்தவரை அவள் முடிக்கவிடவில்லை.

"கல்யாணமாகி இத்தன வருஷத்துல இப்பதாங்க நான் நிம்மதியா தூங்குறேன்," என்றாள், வெளியே பார்த்தபடி.

வலியில் தான் கத்துவது நின்றதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தார். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் உறைத்தது, அக்கி வந்ததே போன ஆடியில்; அவள் சொன்னதோ கல்யாணமான நாளிலிருந்து.

சாப்பாடு முடிந்ததும் மாத்திரையும் வெந்நீருமாக வந்தாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். விழுங்கவில்லை. அது நாக்கிலேயே கரைந்து கசந்தது. அவள் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.