பிரேக்கில் கை வைத்தவன்

பத்திநாதரின் மோட்டார் சைக்கிள் பின்சில்லைக் கழற்றியபோது உள்ளேயிருந்து விழுந்தது ஒரு கொண்டை ஊசி. கழற்றிய மெக்கானிக் முருகேசுவின் முகம் கறுத்தது.

“பிரேக் கட்டை பூட்டி நான் கம்பிதான் முறுக்கி விட்டனான். இந்த ஊசி ஆர் வைச்சது? எனக்குப் பிறகு ஆரோ கை வைச்சிருக்கிறாங்கள்!”

தேய்ந்த கட்டைகளை மூக்கருகே பிடித்துப் பார்த்தான். விளிம்புகளை அரத்தால் அழகாக மழுக்கியிருந்தார்கள். தன் வேலையைவிடச் சுத்தமான வேலை என்பது அவனுக்கே தெரிந்தது. அதனால்தான் வயிறு அப்படி எரிந்தது.

“நாரந்தனையில புதுசாக் கராச் போட்ட இலட்சுமணன்தானே? எங்கடை சரவணை ஊர்ச் சனமெல்லாம் அவனிட்டப் போகுதாம். நீங்களுமா?”

“சத்தியமா இல்லை முருகேசு. அந்தப் பெடியன்ரை முகம்கூட எனக்குத் தெரியாது.” பத்திநாதர் கராச்சை ஒட்டியிருந்த குசினிப் பக்கம் பார்த்தார். அங்கே முருகேசுவின் மனைவி யோகம்மா கறி தாளித்துக்கொண்டிருந்தாள்.

முருகேசு நம்பவில்லை. வீட்டுக்குள் பாம்பு வந்தாலும் பொறுப்பான். தொழிலுக்குள் இன்னொருத்தன் வந்தால் பொறுக்கமாட்டான்.

“என்ரை வேலையை இன்னொருத்தன் திருத்தினானெண்டு ஊருக்குத் தெரிஞ்சால் நான் கராச்சை மூடவேண்டியதுதான்!”

புலம்பிக்கொண்டே புதுக் கட்டைகளைப் பூட்டினான். துவாரம் பிடிபடாமல் கம்பியை அங்கும் இங்கும் குத்தி, கடைசியில் எப்படியோ முறுக்கிவிட்டு எழும்பினான்.

“இந்தச் சைக்கிளிலேயே நாரந்தனைக்குப் போறன். அவனை நாலு கேள்வி கேக்காமல் எனக்குச் சோறு இறங்காது.”

பத்திநாதர் பதறிப்போனார். “இப்ப வேண்டாம். வழமைபோலச் சாப்பிட்டு ஒரு நித்திரை கொள்ளுமன். நான் பின்னேரம் வந்து எடுக்கிறன்.”

“நித்திரையோ? அவன் என்ரை பிழைப்பிலை மண் போடுறான், நான் நித்திரை கொள்ளுறதோ?”

முருகேசு ஏறி இருந்து ஸ்டார்ட்டரை உதைத்தான். இயந்திரம் உறுமியது. குசினிக்குள்ளிருந்து யோகம்மா அகப்பையும் கையுமாக ஓடிவந்து, வந்த ஆளுக்கு முன்னால் என்றும் பாராமல் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

“விடடி! அந்த இலட்சுமணனை இண்டைக்கு ஒரு கை பாக்கிறன்!”

யோகம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

“இறங்குங்கோ… நீங்கள் பூட்டினதை நான் இன்னும் திருப்பிப் பூட்டேல்லை.”