கிழக்கே சூலம்

பெட்டியைக் காரில் ஏற்றிய பிறகுதான் மாமியார் வெள்ளத்தாய் காலண்டர் பக்கம் போனாள்.

"சனிக்கிழமை, கிழக்கே சூலம்," என்று வாசித்தாள். "நீ சிங்கப்பூர் வழியால்ல போறே. எறக்கு பெட்டிய."

மாரிக்கனிக்கு உச்சி சுட்டது. இது மூன்றாவது டிக்கெட்.

சியாட்டிலில் வேலை பார்க்கும் புருஷன் முத்துக்குமரன் முதலில் போட்டது துபாய் வழி. மதுரையிலிருந்து பதினாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஒரு நாள் பயணம். வெள்ளிக்கிழமை. மேற்கே சூலம் என்று மாமியார் மறித்தாள்.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் மேற்கே சூலம்.

வெல்லம் தின்றுவிட்டுக் கிளம்பினால் தோஷம் இல்லையே என்று மாரிக்கனி பேரம் பேசிப் பார்த்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பாத்திரக் கடைக்காரர் மகள். படியாத பேரத்தை அவள் கண்டதில்லை.

"ஒரு துண்டு வெல்லம் இந்தா இருக்கிற செட்டியார்பட்டி வரைக்கும் தாங்கும். அமெரிக்காவுக்குத் தாங்குமா?" என்று கிழவி மறுத்துவிட்டாள்.

அம்மா மனசு கோணக்கூடாது என்று இரண்டு தடவையும் முத்துக்குமரன் டிக்கெட்டை ரத்து செய்தான்.

கல்யாணமாகிப் பதினாறு மாதம். சேர்ந்து இருந்தது பத்தொன்பது நாள். விசா முடிய இன்னும் ஐந்தே வாரம்.

இந்தத் தடவை போனில் கறாராகச் சொன்னாள்: வெள்ளி வேண்டாம், ஞாயிறு வேண்டாம்.

அவனும் சனிக்கிழமைக்குப் போட்டான். ஆனால் கிழக்கே சுற்றி: சிங்கப்பூர், டோக்கியோ, அப்புறம் சியாட்டில். பதினாறாயிரம் கிலோமீட்டர், முப்பத்தாறு மணி நேரம். துபாய் வழியில் இடமே இல்லை என்றான்.

கூடுதல் விலை கொடுத்துக் கூடுதல் தூரம் வாங்குகிற ஆளை அவள் அப்பா கடையில் பார்த்ததேயில்லை. இருந்தாலும் நம்பினாள்.

"மகன் குடும்பம் நடத்துறது உங்களுக்குப் பொறுக்கலை. நாளுக்கொரு சூலத்தை முந்தானையிலயா முடிஞ்சு வச்சிருக்கீக, அத்தை?"

வெள்ளத்தாய் முகம் சுண்டிப்போனது. நடை வரைக்கும் வந்து நின்றாள்.

"ஏட்டி, சிங்கப்பூரு கெழக்கயா மேக்கயான்னு நான் என்னத்தக் கண்டேன்? டிக்கெட் போட்ட கையோட ஒவ்வொரு தடவையும் உம் புருசன்தான் எனக்குப் போன் போடுதான். 'யம்மா, அன்னைக்கு அந்தப் பக்கம் சூலம், விட்டுராத'ங்கான். ஊர்ல கெட்ட பேரு மட்டும் எனக்கு!"



இத்தனை நாளும் மாரிக்கனி கடைக்காரனை விட்டுவிட்டுக் காவல்காரியிடம் பேரம் பேசியிருக்கிறாள்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். "வண்டிய எடுங்கண்ணே."

மணி பகல் இரண்டு. சியாட்டிலில் நடுராத்திரி தாண்டியிருக்கும்.

டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டுமானால் அவன் முழித்திருக்க வேண்டும். அம்மா பார்த்துக்கொள்வாள் என்ற தைரியத்தில், நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பான்.