தடி ஃபைலைக் காணோம்

“எடைக்குப் போட்டுட்டியாப்பா? உண்மையைச் சொல்லு.”

ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையின் தலைமை கிளார்க் அம்மா இப்படிக் கேட்டதும், ஃபைல் எடுத்துக் கொடுக்கிற அட்டெண்டர் தன் தலையில் கையை வைத்தான். “சத்தியமா இல்லைங்க மேடம்.”

சத்தியத்தை எல்லாம் நம்புகிற ஆள் இல்லை அந்த அம்மா. நம்பவும் கூடாதுதான். பொய் சொல்கிறவன்தான் முதலில் சத்தியம் பண்ணுவான்.

காணாமல் போனது, முழங்கால் ஆபரேஷனுக்கு வந்த ஒரு பெரியவரின் ஃபைல். அவர் படுக்காத வார்டு கிடையாது. கட்டு ரெண்டு செங்கல் தடிமன் இருக்கும். அதைப் பார்க்காமல் கத்தியைத் தொட மாட்டேன் என்று மாடியில் டாக்டர் முறுக்கிக்கொண்டு நின்றார்.

அட்டெண்டர் ஏணி போட்டு ஏறி, அலமாரி அலமாரியாகத் துழாவினான். தும்மல்தான் வந்தது. யார் ஃபைலை எடுத்தாலும் அந்த இடத்தில் தன் பெயர் எழுதி ஒரு சிவப்பு அட்டை செருக வேண்டும். அந்த அட்டையும் இல்லை.

“அட்டை வைக்காம எடுக்கறவன் திருடன்” என்றார் அம்மா.

நாற்காலி இறங்கிப்போன நாளிலிருந்து, கவுன்டருக்கு மேலே அவருடைய மூக்குக் கண்ணாடி மட்டும்தான் தெரியும். இன்றைக்குக் கழுத்து வரைக்கும் தெரிந்தது. கோபத்தில் ஆளே வளர்ந்துவிட்டார் போல.

“உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி இன்னைக்கு எழுதறதா இருந்தேன். இப்ப வேற மாதிரி எழுதறேன்” என்று பேனாவைத் திறந்தார்.

“நிரந்தரம்னு சொல்லித்தான் மேடம் பொண்ணே கேட்டிருக்கேன்.”

“அப்ப அந்தப் பொண்ணு தப்பிச்சா.”

வெளியே காத்திருந்து சலித்துப்போன பெரியவர், சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு பக்கத்துக் கதவு வழியாக உள்ளே வந்தார்.

“நோயாளிங்க உள்ளே வரக் கூடாது பெரியவரே” என்றார் அம்மா.

“என்னைத் தொலைச்சிட்டு எனக்கே சட்டம் பேசறீங்களா?”

சக்கர நாற்காலியின் உயரத்திலிருந்து பார்த்தால், அந்த அம்மாவின் இருக்கை நேர் எதிரே தெரியும். பெரியவர் குனிந்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“தம்பி, நீ ஏணியை விட்டு இறங்கு. அம்மா, நீங்க கொஞ்சம் எந்திரிங்க, அதுக்கு மூச்சு முட்டுது.”