சித்திரை மாதத்து மப்ளர்

என் வீட்டுக்காரர் மோவாயைத் தூக்கிக் கொடுக்கிறார். சலூனில் கொடுப்பதுபோல.

செல்வின் மப்ளரைச் சுற்றுகிறான். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

கம்பளி. ஊதா நிறம். ஓரத்தில் கம்பெனியின் பெயர் பொன்னிற நூலில்.

சித்திரை மாதம். கோவில்பட்டி. எங்கள் பெட்டிக்கடைக்கு முன்னால் தார் ரோடு உருகிக்கொண்டிருக்கிறது.

"ஏ செல்வினு, அண்ணாச்சிய ஊட்டிக்கா கூட்டிட்டுப் போறே?"

ஆட்டோக்கார மாரியப்பன். வாழைப்பழம் தின்றுகொண்டே கேட்கிறார்.

செல்வின் சிரிக்கவில்லை. நானும்.

சிகரெட் கம்பெனியின் விற்பனைக்காரன் அவன். வாராவாரம் வேனில் வருவான். நல்ல பையன். இறங்கியதும் முதலில் இவர் உடம்பைத்தான் விசாரிப்பான்.

இவர் தொண்டையில் ஒரு துளை.

புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்த பிறகு மதுரை ஆஸ்பத்திரியில் வைத்தது. மூச்சு அதன் வழியாகத்தான். உள்ளே சின்னதாக ஒரு வால்வு. துளையை விரலால் மூடினால் பேச்சு வரும். அவருடைய குரல் இல்லை அது. தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம்.

மெல்லிய துணி ஒன்றைக் கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். கடைக்குள் வெக்கை. கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்.

சிகரெட் கேட்டு வருகிறவர்கள் கண் நேராக அங்கேதான் போகும்.

அவர் யாருக்கும் புத்தி சொன்னதில்லை. எடுத்துக் கொடுப்பார். விரலை வைத்து விலை சொல்வார். அவ்வளவுதான்.

சிலர் வாங்கியதை வைத்துவிட்டுக் கடலை மிட்டாயோடு போனார்கள்.

பலர் எதிர்க்கடைக்குப் போனார்கள்.

அரசாங்கம் பெட்டியின்மேல் படம் போடச் சொல்லியிருந்தது. புண்ணும் அழுகலுமாக, பெட்டியில் முக்கால்வாசிக்கு மேல் படம்தான். கம்பெனி எங்களுக்கு ஒரு கண்ணாடிப் பேழை கொடுத்தது. சிகரெட்டுகளை உருவி அதில் நிறுத்தலாம். வெள்ளை வெளேரென்று நிற்கும். எங்கள் கடையில் முழுப் பெட்டி வாங்குகிறவர் யார்? ஒன்று, இரண்டு என்றுதான் கேட்பார்கள்.

படம் போட்ட அட்டை குப்பைக்குப் போய்விடும்.

இவரை என்ன செய்வது என்றுதான் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாமல் இருந்தது.

சற்று முன்பு செல்வின் என் பக்கம் குனிந்து சொன்னான்.

"அக்கா, மேல கேக்காங்க. இப்படியே போச்சுன்னா கம்பெனி போர்டு, கண்ணாடிப் பெட்டி எல்லாத்தையும் கழட்டி எதிர்க்கடைக்குக் குடுத்துருவாங்க. நான் என்ன செய்ய, சொல்லுங்க."



வாழைத்தாரும் சோடாவும் எங்கள் இருவருக்கும் சோறு போடும். மதுரைக்குப் போய் அந்த வால்வை மாற்றிவருவது சிகரெட் காசில்தான்.

அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார்.

அப்புறம்தான் மோவாயைத் தூக்கினார்.

"இறுக்கலயே அண்ணாச்சி?"

பதில் சொல்ல விரலுக்கு வழி இல்லை. தலையை மட்டும் அசைக்கிறார்.

கம்பளி உள்ளே போய் ஒட்டுகிறது. வெளியே வருகிறது. மறுபடி ஒட்டுகிறது. நெற்றியில் வியர்வை.

ஆனாலும் பழைய மனிதர் வந்து உட்கார்ந்ததுபோல இருக்கிறது. ஒரு நொடி எனக்கே அது பிடித்திருக்கிறது.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் வருகிறார். வெளியூர் ஆள். கையில் கல்யாணப் பத்திரிகைகள் வைத்த மஞ்சள் பை.

சிகரெட் ஒன்று கேட்கிறார். இவர் பேழையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். அந்த மனிதர் கம்பத்தில் தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு நிழலில் ஒதுங்குகிறார். மப்ளரைப் பார்த்து, "காய்ச்சலா?" என்றுகூடக் கேட்கவில்லை.

செல்வின் முகம் தெளிகிறது.

அந்த மனிதர் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்புகிறார்.

"எட்டயபுரம் பஸ் எங்கன நிக்கும் அண்ணாச்சி?"

நான் சொல்ல வாயெடுக்கிறேன்.

அதற்குள் அவர் மப்ளரைக் கீழே இழுத்துவிட்டார். விரல் துளைக்குப் போகிறது.

"எதிர் வரிசை. கடைசி."

வந்தவர் வாய் நிறையப் புகை. வெளியே விட மறந்துவிட்டார்.

அப்புறம் இருமினார். சிகரெட்டைக் கீழே போட்டாரா, கையிலேயே கொண்டுபோனாரா, நான் பார்க்கவில்லை. இவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மப்ளரை முழுதாக உருவினார். நாலாக மடித்தார். என் மடியில் வைத்தார். துளை வழியாக நீளமாக ஒரு மூச்சு இழுத்தார்.

செல்வின் வேனுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் போர்டும் பேழையும் சாலையைத் தாண்டிப் போயின. அவற்றைத் தூக்கிச் சென்றவன் அவன்தான். அன்று இவர் உடம்பை விசாரிக்கவில்லை.

வால்வு ஒழுகத் தொடங்கியது. குடிப்பது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி இருமுவார். அதை மாற்ற மதுரைக்குப் போகவேயில்லை. கேட்டால், வேண்டாமென்று கையை ஆட்டுவார். ஆடி முழுக்கப் பேசாமல் விலையை விரல்களால் காட்டினார்.

ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார்.

அவர் கடையில் உட்கார்ந்திருந்தபோது மாரியப்பன் தன் போனில் எடுத்த படம் ஒன்று இருந்தது. அதைப் பெரிதாக்கிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர் துளையை அழித்து, சட்டைக் காலரை மேலே ஏற்றிவிட்டிருந்தார். நல்ல மனதோடு செய்ததுதான். "மாமா எவ்ளோ களையா இருக்காவ பாருங்க" என்றார்.

களையாகத்தான் இருந்தார்.

"இருந்தபடியே போட்டுக் குடுங்க" என்று திருப்பிக் கொடுத்தேன்.

போர்டு இருந்த இடத்தில் மாட்டியிருக்கிறேன்.

சிகரெட் இப்போதும் விற்கிறேன். மொத்தக் கடையில் வாங்கிவந்து படத்துக்கு நேர்கீழே அடுக்குகிறேன். கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுத்து விலை சொல்கிறேன். அவ்வளவுதான்.

மப்ளர் கிழியவில்லை. நல்ல கம்பளி. காலையில் கடை திறந்ததும் படத்தின் கண்ணாடியை அதைக் கொண்டுதான் துடைக்கிறேன்.

முதலில் கழுத்துப் பக்கம்.